பூசணம் பிடிக்காத சேலை

அத்தியாயம் 6

"அண்ணே, ஆளைப் புதைச்ச இடம் கிடைச்சிருச்சு!"

வீட்டுக்குப் பின்னாலிருந்து ரேணுகா கத்தியபோது காசிராஜன் முன்வாசல் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். போடியிலிருந்து குரங்கணி வரைக்கும் ஸ்கூட்டரின் பின் சீட்டு, அதற்கு மேல் சாரலில் அரை மணி நேரம் வழுக்குப் பாதை. ஐம்பத்தாறு வயது முழங்கால் இதற்குமேல் ஒரு படி ஏறமாட்டேன் என்று அடம் பிடித்தது.

"புதைச்ச ஆளு எங்கேயும் போகமாட்டான். வர்றேன் இரு," என்றார்.

இன்சூரன்ஸ் சர்வேயர் வேலையை விட்டுவிட்டு அவர் போடியில் துப்பறியும் அலுவலகம் திறந்து ஒன்பது வருடமாகிறது. வந்த கேஸ்களில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரிப்பு. பையன் குடிப்பானா, கடன் உண்டா, இதற்கு முன்னால் யாரையாவது காதலித்தானா. பக்கத்து டீக்கடைக்காரரே சொல்லிவிடுவார். ஆனால் டீக்கடைக்காரரிடம் கேட்க வெட்கப்படுகிறவர்கள் காசிராஜனிடம் வருகிறார்கள். ரேணுகா அவருடைய உதவியாளர். முப்பத்திரண்டு வயது, ஸ்கூட்டர் அவளுடையது, வாயும் அவளுடையது. இரண்டையும் நிறுத்தத் தெரியாது.

இந்தக் கேஸ் நேற்று மாலை வந்தது. சுஜாதா என்ற பெண், கூடவே ஆறு வயது மகள் பவித்ரா. சுஜாதாவின் கணவன் விஜயகுமார் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்ப்பவன். பறித்த பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தி எடுக்கிற இடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர். இரண்டரை மாதத்துக்கு முன்னால், மழை தொடங்கிய வாரத்தில், பிள்ளைக்கு மூச்சு இழுத்து உதடு நீலம் பாரித்துவிட்டது. ஜீப்பு பிடித்துப் போடிக்குக் கொண்டுவந்து பிழைக்க வைத்தார்கள். வீட்டில் பூசணம் இருக்கிறது, அந்த வீட்டுக்குப் பிள்ளையைத் திரும்பக் கூட்டிப் போகாதீர்கள் என்றார் டாக்டர். தாயும் மகளும் போடியில் அண்ணன் பாண்டியராஜ் வீட்டில் தங்கினார்கள். விஜயகுமார் இரண்டு வாரம் வந்து பார்த்தான். பிறகு வரவில்லை. போனும் ஸ்விட்ச் ஆஃப். வேலை பார்த்த ஸ்டோரில் கேட்டால், நின்றுவிட்டான் என்றார்கள்.

பதினைந்து நாளைக்கு முன்னால் பாண்டியராஜ் அவனை ஒரு ஜீப்பில் பார்த்திருக்கிறார். கையில் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பை, பைக்குள் ஒரு பெண்ணின் சேலை. கூப்பிடுவதற்குள் ஜீப்பு போய்விட்டது. இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று திருப்பூரில் தங்கைக்கு பனியன் கம்பெனி வேலையும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் பேசி முடித்துவிட்டார். நாளைக் காலை ஆறு மணி பஸ்சு.

"போறதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு தெரியணும் சார்," என்று சுஜாதா சொன்னாள். "வேற ஆள் இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. இருந்தா நான் அழாமப் போயிருவேன்."

அழாமல்தான் சொன்னாள். அதுதான் காசிராஜனை இந்த மழையில் மலை ஏற வைத்தது.

வீட்டின் வடக்குச் சுவர் மலைச் சரிவில் முதுகைச் சாய்த்துக் கட்டியிருந்தது. அந்தச் சுவரை ஒட்டி, நீளமாக, புதிதாக ஒரு பள்ளம் வெட்டியிருந்தது. ரேணுகா குடையோடு அதன் ஓரத்தில் நின்றாள்.

"புது மண்ணு. ஆழம் இடுப்பளவு. சந்தேகமே இல்ல."

"அகலம் எவ்வளவு?"

"ஒரு அடி."

"ஒரு அடியில ஆளைப் புதைக்கணும்னா பாயைச் சுருட்டுற மாதிரி சுருட்டணும். உள்ள என்ன ஓடுது பாரு."

பள்ளத்தில் கலங்கிய தண்ணீர் விறுவிறுவென்று ஓடி, வீட்டைச் சுற்றிக்கொண்டு கீழே ஓடையில் விழுந்தது. மலையிலிருந்து இறங்கும் நீர் சுவரில் இறங்காமல் இருக்க யாரோ வாய்க்கால் எடுத்திருக்கிறார்கள். ஓடிப் போகிறவன் வீட்டுக்கு வாய்க்கால் வெட்டிவிட்டு ஓடுவானா?

பள்ளத்தின் கடைசியில் கல்லைத் தூக்கி வைத்து ஒரு கறுப்பு பாலிதீன் தாள் சுருட்டிக் கிடந்தது. காசிராஜன் குனிய முடியாமல் குனிந்து அதைப் பிரித்தார். ஏலக்காய்ச் சாக்கின் உள்ளே போடுகிற தடித்த தாள். ஓரம் முழுக்க ஆணி ஓட்டைகள். ஒரு பக்கம் சுத்தம். மறு பக்கம் கையளவு கையளவாகப் பூசணம் படர்ந்து காய்ந்திருந்தது. ஒரு துண்டைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எதுக்குண்ணே?"

"குடை ஓட்டையாகிட்டா தலையில போட்டுக்க."

"உங்களுக்கு நகைச்சுவை வேணாம்ணே. அது என் டிபார்ட்மென்ட்டு."

அடுத்த வீட்டு ராக்கு தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றாள். ஏலத் தோட்டத்தில் காய் எடுக்கிறவள். இன்றைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருக்கிறாள்.

"யாரும் வர்றதில்ல அப்பு. நான் ஏழு மணிக்குத் தோட்டத்துக்குப் போனா அஞ்சு மணிக்குத்தான் வருவேன். ஆனா ராத்திரியில கதவிடுக்குல வெளிச்சம் தெரியுது. பூட்டுன வீட்டுல எப்படி வரும்? அந்தப் பக்கமே நான் பாக்குறதில்ல."

"பேயா?" என்றாள் ரேணுகா.

"பேருகீரு சொல்லாத ஆத்தா, அது கேட்டுக்கிட்டு இருக்கும்."

காசிராஜன் முன்வாசல் மீட்டரைப் பார்த்தார். சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. உள்ளே ஏதோ கரண்டு இழுக்கிறது.

சுஜாதா கொடுத்த சாவியால் கதவைத் திறந்ததும் ரேணுகா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். முன்னறை முழுக்கப் பூசணம். ஆணியில் தொங்கிய பெல்ட்டில் வெள்ளையாக, செருப்பில் பச்சையாக, சாமி படத்துக் கண்ணாடிக்குள் சாம்பலாக. மழைக்காலத்தில் இந்தச் சரிவில் ஒரு வீட்டைப் பத்து நாள் பூட்டிப் போட்டால் இப்படித்தான் ஆகும். தீப்பெட்டி கூடப் பற்றாது.

"இதுல எங்க போய்த் தடயம் தேடுறது? எல்லாத்தையும் பூசணம் தின்னுருச்சே," என்றாள் ரேணுகா.

"பூசணம் பிடிச்சதை விட்டுரு. பிடிக்காதது எது, அதை மட்டும் தேடு. பிடிக்கலைன்னா யாரோ தொட்டுப் புழங்குறாங்கன்னு அர்த்தம்."

அவள் நாலு பக்கமும் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். படுக்கையறைக் கதவின் தாழ்ப்பாள் பளபளவென்று இருந்தது.

உள்ளே வேறொரு வீடு. வடக்குச் சுவரின் சிமெண்ட்டுப் பூச்சை இடுப்பளவுக்குக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அதற்கு மேலே மீதியிருந்த பழைய பூச்சில் ஒரு சாண் இடைவெளியில் வரிசையாக ஆணி ஓட்டைகள். கூரைக்குக் கீழே காற்றுப் போக இரண்டு ஓட்டை போட்டுக் கம்பி வலை அடித்திருந்தது. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அதன் கதவிடுக்கில் மஞ்சள் வெளிச்சம்.

ரேணுகா பீரோவைத் திறந்தாள். கீழ்த் தட்டில் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. மலைக்காரர்கள் துணியில் ஓதம் ஏறாமல் இருக்கச் செய்கிற வேலை. "உங்க பேயி இங்க இருக்கு," என்றவள் மேல் தட்டைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டாள்.

மடித்து வைத்த சேலைகள். ஐந்தாறு இருக்கும். ஒரு புள்ளிப் பூசணம் இல்லை.

"போச்சுண்ணே. சின்ன வீடு இல்ல, பெரிய வீட்டுலயே குடித்தனம் நடக்குது."

காசிராஜனுக்கு ஆயாசமாக இருந்தது. இந்தத் தொழிலில் எதிர்பார்த்தது கிடைக்கும்போதுதான் அதிகம் களைப்பு வரும். கீழே போய் அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். அவள் அழமாட்டாள். அதையும் பார்க்க வேண்டும்.

"மேல இருக்குற மஞ்சள் சேலையைப் படம் எடுத்துச் சுஜாதாவுக்கு அனுப்பு. முழுசா உறுதி பண்ணிக்குவோம்."

வாசலுக்குப் போய் ஒற்றைக் கோடு சிக்னலைப் பிடித்துப் படம் அனுப்பிவிட்டு ரேணுகா திரும்பி வந்தாள். வரும்போது முகம் மாறியிருந்தது.

"அண்ணே, அது சுஜாதாவோட சேலை. வளைகாப்புச் சேலையாம். பூசணம் பூத்து வீணாப் போச்சுன்னு மூலையில வீசிட்டு வந்துச்சாம். அத்தனையும் அது வீசிட்டு வந்ததுதான். ஜீப்புல அண்ணன்காரன் பாத்த சேலையும் இதுல ஒண்ணாத்தான் இருக்கும்."

"அப்ப அந்த இன்னொருத்தி..."

"அவுகளேதான்."

காசிராஜன் முதன்முறையாக முழங்காலை மறந்தார். மஞ்சள் சேலையைப் பிரித்து மூக்கருகில் பிடித்தார். ஏலக்காய் வாசம், அதனடியில் விறகுப் புகை. ஜன்னல் வெளிச்சத்தில் துணியைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னச் சதுரமாகத் துருக் கறை, கட்டம் போட்ட நோட்டுப்புத்தகத் தாள் மாதிரி.

"இது என்ன டிசைனு?" என்றாள் ரேணுகா.

"காய் பரப்புற கம்பி வலைத் தட்டு. துவைச்சு, ஸ்டோர்ல தட்டுல போட்டுக் காய வச்சிருக்கான். இந்த மழையில வேற எங்க துணி காயும்? துரு இருக்கு, அப்ப பழைய இரும்புத் தட்டு. புகை வாசம் இருக்கு, அப்ப விறகு ஸ்டோரு. ராக்கம்மாகிட்டக் கேளு."

ராக்கு யோசிக்கவே இல்லை. "விறகு ஸ்டோரு இப்ப இந்தப் பக்கம் ஒண்ணுதான். பாறைக்கு அங்கிட்டு. மத்தவுக எல்லாம் கேஸுக்கும் டீசலுக்கும் மாறிட்டாக."

பாறைக்கு அங்கிட்டு என்பது ஒரு மைல் ஏற்றம். காசிராஜன் ரேணுகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வழியில் அவள் மூன்று முறை, "தூக்கிக்கவாண்ணே?" என்று கேட்டாள். நான்காவது முறை கேட்டிருந்தால் சரியென்று சொல்லியிருப்பார்.

ஸ்டோருக்குள் நுழைந்ததும் சூடு முகத்தில் அடித்தது. சாரலில் ஊறிய உடம்புக்கு அது சுகமாகவே இருந்தது. இருட்டில் அடுக்கடுக்காகத் தட்டுகள், தட்டுகளில் பச்சைக் காய். ஒரு ஒல்லி மனிதன் தட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தான். நகக்கண்ணெல்லாம் சுண்ணாம்பில் வெந்து வெடித்திருந்தது. காய் எடுத்துக் காலியான கடைசித் தட்டில் ஒரு சின்னப் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டை கிடந்தது.

"விஜயகுமார்?"

அவன் திரும்பினான். "சுஜாதா அனுப்புச்சாளா? பிள்ளைக்கு ஏதும்...?"

"பிள்ளை நல்லாருக்கு," என்றாள் ரேணுகா. "நாளைக்குக் காலையில திருப்பூர் போகுது. அம்மாவும்தான். மொத்தமா."

அவன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான். "போகட்டும். அங்க மூச்சு நல்லா வரும்," என்றான்.

"அவ்வளவுதானா?" ரேணுகாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வாய்க்கால் வெட்டுறீக, சுவரைக் கொத்துறீக, சேலையைத் துவைக்கிறீக. ஒரு போன் பண்ண முடியலையாக்கும்?"

"பழைய ஸ்டோர்ல துணி காயப்போட விடமாட்டாக. காய்ல சோப்பு வாசம் ஏறிரும்னு. அதான் இங்க வந்தேன். ராத்திரி இங்க தீ பாக்குறது, பகல்ல ரெண்டு மணி நேரம் அங்க சுவரு வேலை. வீடு காஞ்சதும் நானே போயிக் கூட்டிட்டு வரலாம்னு..."

"வேலை இருக்குறவன் போனை அணைச்சு வைக்கமாட்டான்," என்றார் காசிராஜன். ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து கறுப்பு பாலிதீன் துண்டை எடுத்துத் தொடைமேல் விரித்தார். "எனக்கு ஒரு சந்தேகம், தம்பி. தொழில் சந்தேகம். காஞ்ச காயை என்ன பண்ணுவீக?"

விஜயகுமார் அந்தத் துண்டையே பார்த்தான். "பாலிதீன் போட்ட சாக்குல கட்டுவோம். வெளிய இருக்குற ஈரம் உள்ள போகாது. ஒரு வருசம் ஆனாலும் பச்சை மாறாது."

"சரி. காயாத காயை அதே தாள்ல கட்டுனா?"

விஜயகுமார் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினான்.

"மூணே நாளு சார்," என்றான். "உள்ள இருக்குற ஈரம் வெளிய போக வழியில்லாம வேர்த்து, மொத்தமும் பூசணம் பூத்துரும்."

"சுவர்ல ஆணி ஓட்டை. தாள்லயும் ஆணி ஓட்டை. தாள்ல சுவத்தைப் பாத்த பக்கம் மட்டும் பூசணம்."

விஜயகுமார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"போன ஐப்பசியில சுவரு நனைஞ்சு வந்துச்சு. பிள்ளை கட்டிலு அந்தச் சுவரு ஓரம். காய்க்குப் போடுற தாளு கையில இருக்கு, அதைச் சுவத்துல அடிச்சா ஈரம் உள்ள வராதுன்னு நினைச்சேன். அடிச்சேன். பாக்க நல்லா காஞ்ச மாதிரி இருந்துச்சு. எட்டு மாசம் பின்னாடி என்ன நடந்துச்சுன்னே தெரியலை. பிள்ளையை ஆஸ்பத்திரியில சேத்துட்டு வந்து தாளைப் பிச்சுப் பாக்குறேன் சார், சுவரு முழுக்கக் கருகருன்னு கம்பளி மாதிரி. ஓரமெல்லாம் விட்டுக் கிடந்துச்சு. அந்த இடுக்கு வழியா வந்ததைத்தான் பிள்ளை ராத்திரி பூரா இழுத்திருக்கு." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பதினெட்டு வருசமா என் கையில ஒரு சாக்கு கெட்டதில்ல. ஈரக்காயை மூட்டை கட்டுனவனைக் கண்டா அடிக்கப் போவேன். என் பிள்ளையை நானே கட்டி வச்சிட்டேன்."

ரேணுகா தட்டில் கிடந்த சின்னச் சட்டையை எடுத்து மடித்து வைத்தாள்.

காசிராஜனுக்குக் கோபம் வரவில்லை. இந்தத் தப்பை யார் வேண்டுமானாலும் செய்திருப்பார்கள். ஆனால் நேற்று சுஜாதா சொன்ன இன்னொரு வாக்கியம் அவரைக் குத்திக்கொண்டே இருந்தது.

"உங்க சம்சாரம் என்ன நினைச்சிட்டு இருக்காங்க தெரியுமா? அவங்க வீட்டுக்குள்ள ஈரத் துணி காயப்போட்டதாலதான் பிள்ளைக்கு இப்படி ஆச்சாம். அந்தக் கோவத்துலதான் நீங்க விட்டுட்டுப் போயிட்டீகளாம்."

"தெரியும்," என்றான் விஜயகுமார்.

"தெரியுமா?"

"டாக்டர் கேட்டாரு, வீட்டுக்குள்ள துணி காயப்போடுவீங்களான்னு. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான் பக்கத்துலதான் நின்னேன். அப்ப தாளைப் பிச்சுப் பாக்கலை, எனக்கும் தெரியாது. மறுநாள் பாத்துட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு வாரம் போனேன் சார். ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னுதான் போனேன். அவ என் காலடியைப் பாத்துக்கிட்டே பேசுவா, தப்புப் பண்ணவ மாதிரி. சொல்ல முடியலை. திரும்பி வந்துருவேன். அப்புறம் போகவே பயமாயிருச்சு."

காசிராஜன் எழுந்தார். முழங்கால் சத்தம் போட்டது. "நீங்க தாளு அடிச்சது தெரியாமப் பண்ணுனது. இது தெரிஞ்சே பண்ணுனது தம்பி. சுவத்துல அடிச்சதைப் பிச்சுட்டீக. அவங்க மேல போட்டு மூடுன பழியை இன்னும் பிய்க்கலை. ரேணுகா, போனைப் போடு."

வாசலில் சாரலுக்கு ஓரமாக நின்று ரேணுகா போனைப் போட்டு ஒலிபெருக்கியை அழுத்தினாள். முதல் மணியிலேயே சுஜாதா எடுத்தாள்.

"அக்கா, யாரக்கா? சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன்."

ரேணுகா போனை விஜயகுமாரிடம் நீட்டினாள். அவன் சுற்றி வளைக்கவில்லை. கறுப்புத் தாள் என்றான், நான்தான் என்றான், உன்னால் இல்லை என்றான். சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த ஒரு நிமிடத்தைத் தள்ளிப்போடத்தான் அவன் இரண்டு மாதம் சுவரைக் கொத்தியிருக்கிறான்.

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"நான் துணி காயப்போட்டது?" என்றாள் சுஜாதா.

"நீ போட்ட துணி ரெண்டு நாள்ல காஞ்சிரும் சுஜா. நான் மூடுன சுவருதான் காயலை."

"பிள்ளைக்குச் சட்டை மாட்டுறப்ப எல்லாம் நாலு தடவை தொட்டுத் தொட்டுப் பாக்குறேன், ஈரம் இருக்கா ஈரம் இருக்கான்னு. ஏம்மா தடவிக்கிட்டே இருக்கேன்னு அது கேக்குது." இப்போது அவள் அழுதாள். நேற்று அழாததற்கும் சேர்த்து அழுதாள். பின்னால் பாண்டியராஜின் குரல், "யாரு, அவனா? வை போனை," என்றது. அவள் வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "இப்பக் காஞ்சிருச்சா வீடு?"

ரேணுகா இரண்டு கையாலும் ஜாடை காட்டினாள். ஆமாம் என்று சொல்லித் தொலை என்று அர்த்தம். ஆறு மணி பஸ்சுக்கு இன்னும் அரை நாள்தான் இருக்கிறது. காசிராஜன் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

விஜயகுமார் கண்ணை மூடிக்கொண்டான். "இல்ல," என்றான். "அடியில ஒரு முழத்துக்கு இன்னும் ஓதம் நிக்குது. இந்த மழை விடணும். தை மாசம் ஆகும். பிள்ளையை இப்பக் கூட்டிட்டு வராத."

ரேணுகா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணே," என்று சுஜாதா சொல்வது கேட்டது, போனை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு. "நாளைக்கு நாங்க பஸ்சு ஏறலை. தை வரைக்கும் பிள்ளை இங்கன உன் வீட்டுலயே இருக்கட்டும்."

பாண்டியராஜ் ஏதோ கத்தினார். அவள் பதில் சொல்லவில்லை. குரல் மறுபடி போனுக்குப் பக்கத்தில் வந்தது. கோபம் அப்படியே இருந்தது, ஆனால் சந்தைக்குப் போகிற பெண் வீட்டுக்காரனிடம் கேட்கிற குரலாக மாறியிருந்தது.

"காலையில நான் மட்டும் வர்றேன். சுவருக்கு என்னென்ன வாங்கிட்டு வரணும், சொல்லுங்க."